ஹெரால்டுக்கு மூன்று அங்குலம்

அக்கா காலமாகி நாற்பது நாள் கழிந்தபின், கே.கே. நகரிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் பழைய ஹெரால்டு காரைப் பார்க்க வந்தார். பழங்காலக் கார்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, வெளிவந்த நாளில் இருந்தபடியே திருப்பிக் கொடுப்பது அவர் தொழில். காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு தலையை மட்டும் நீட்டினார்.

"சார், சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவுல மரக்கட்டை வச்சிருக்கு சார். பன்னெண்டு கட்டை. மூணு இன்ச் ஒசந்திருக்கு. இது கம்பெனி வேலை இல்ல."

"இல்லை" என்றேன்.

"யாரு சார் செஞ்சது?"

"வீட்டுல."

கட்டைகளை எடுத்துவிட்டால் வண்டி ஒரிஜினல் ஆகிவிடும், இரண்டு நாள் வேலைதான் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த நல்ல பையனிடம் வாசலில் வைத்துச் சொல்ல முடியாததால் அப்படிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது இது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி எங்கள் வீடு. இரண்டு வயதில் வந்த போலியோ அக்காவின் இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து பூட்ஸ்வரை இரும்புச் சட்டமும் தோல் வாரும் கொண்ட காலிப்பர் அணிந்திருப்பாள். அதன் முழங்கால் மூட்டில் ஒரு பூட்டு உண்டு. நிற்க வேண்டுமானால் காலை நீட்டி அந்தப் பூட்டை விழ வைக்க வேண்டும். உட்கார வேண்டுமானால் அதைத் தூக்கிவிட வேண்டும். அது விழும் ஓசையைக் கேட்டே அக்கா எந்த அறையில் எழுந்து நிற்கிறாள் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

பள்ளிக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்வந்தாள். வாசலில் ஆயா வந்து, அக்குளில் கைகொடுத்து, எல்லார் முன்னிலையிலும் அவளைத் தூக்கி இறக்கிவிடுவார். பதினோராம் வகுப்பு முடியும்வரை அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, அடையாற்றுக்கு அப்பால் இருந்த பெண்கள் கல்லூரியில் புகுமுக வகுப்புக்கு இடமும் கிடைத்தபின், ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"காலேஜ் வாசல்ல யாராவது என்னைத் தூக்கி இறக்கிவிடணும்னா நான் போகல. வீட்டிலேயே இருக்கேன்."

கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. ரசம் வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அம்மா அன்று இரண்டு முறையும் மறுநாள் ஐந்து முறையும் கெஞ்சினாள். அப்பா கெஞ்சவில்லை. அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் அவருடைய மகள்.

பஸ்ஸின் படி அவளுக்கு ஏறாத உயரம். ரிக்‌ஷாவுக்கு அடையாறு எட்டாத தூரம். அந்த நேரத்தில் அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது தம் ஹெரால்டை எங்களுக்குத் தள்ளிவிட்டுப் போனார். இரண்டே கதவு கொண்ட, வெளிர்நீல நிறத்துச் சிறிய கார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்தபோதுதான் குறை தெரிந்தது. அதன் இருக்கை தரையோடு தரையாக இருந்தது. அக்கா உட்காரவில்லை, விழுந்தாள். எழுவதற்கு அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, "கார் நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது மறுப்பு என்பது எனக்குக்கூடப் புரிந்தது. கல்லூரி திறக்க ஆறு வாரங்கள் இருந்தன.

அப்போதுதான் சித்தப்பா உள்ளே வந்தார். அப்பாவின் தம்பி, எங்களோடே இருந்தார், ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருப்பார், மடக்கு அடிக்கோல் இல்லாமல் இருக்கமாட்டார். முதலில் இருக்கையின்மேல் மெத்தைகளை அடுக்கிப் பார்த்தார். அக்காவின் உயரமே உள்ள அம்மாவை அதில் உட்கார வைத்தார். அம்மாவின் தலை கூரையில் இடித்தது.

"சீட்டை ஏத்தினா தலை இடிக்குது" என்றார் சித்தப்பா. "அப்ப கூரையையும் ஏத்தணும். கூரையை ஏத்தணும்னா காரையே ஏத்தணும்."

"இதுக்குப் பேரு யோசனையா?" என்றார் அப்பா.

மந்தைவெளியில் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக்கை வரவழைத்தார்கள். நாங்கள் அவரை மெக்கானிக் அண்ணன் என்போம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் என்ன என்று சித்தப்பா கேட்டதற்கு அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் தலையாட்டினார்.

"வாணாம் சார். இந்த வண்டில ஸ்பிரிங்க ஏத்தினா பின்னாடி வீலு ரெண்டும் உள்ளார மடங்கிக்கும். திரும்பசொல்லோ கவுந்துகினு போவும். பாப்பாவ வச்சிகினு அந்த வெளையாட்டு வாணாம்."

"அப்ப ஸ்பிரிங்கைத் தொடாம, பாடியை மட்டும்?"

மெக்கானிக் அண்ணன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். ஹெரால்டில் ஒரு விசேஷம் உண்டு என்பதை அன்று நான் தெரிந்துகொண்டேன். மற்ற பல கார்களைப் போல் அது ஒரே உடம்பாக வார்த்தது அல்ல. சக்கரமும் எஞ்சினும் பூட்டிய இரும்புச் சட்டம் கீழே தனி. நாம் உட்காரும் பெட்டி மேலே தனி. இட்லிப் பானைமேல் தட்டு உட்கார்ந்திருப்பதுபோல் அந்தப் பெட்டி பன்னிரண்டு போல்ட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி, நடுவில் கட்டை கொடுத்து, நீளமான போல்ட் போட்டு முறுக்கினால் கார் இருந்த இடத்திலேயே இருக்கும், உட்காருபவர் உயர்ந்துவிடுவார்.

"இதுவரிக்கும் எவனும் பண்ணதில்ல சார்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"பண்ணலாமா?"

"எவனும் கேட்டதுமில்ல."

எவ்வளவு உயர்த்துவது என்பதுதான் கேள்வி. எந்த உயரம் வசதி என்று அக்காவிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்டால் காலைப் பற்றிப் பேசியாக வேண்டும். எனவே சித்தப்பா, அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, வீட்டில் அவள் உட்காரும் ஒவ்வொன்றையும் திருட்டுத்தனமாக அளந்தார்: கட்டில், முக்காலி, அவள் படிக்கும் நாற்காலி. மற்றவற்றிலிருந்து எழ அவள் சிரமப்பட்டாள். படிக்கும் நாற்காலியிலிருந்து மட்டும் யார் உதவியும் இன்றி எழுந்தாள். அதன் உயரம் பதினேழு அங்குலம். காரின் இருக்கை தரையிலிருந்து பதின்மூன்று. மூன்று அங்குலம் கட்டை. ஒரு அங்குலம் இருக்கைக்குள் இறுக்கித் திணிக்கும் தேங்காய் நார். கணக்கு நேராக வந்தது. சித்தப்பா அதைப் படமாக வரைந்து, நான்கு புறமும் கோடு போட்டு, மூலையில் கையெழுத்தும் போட்டார்.

கட்டைகளைக் கடைந்து கொடுத்தவர் கச்சேரி சாலைப் பக்கம் பட்டறை வைத்திருந்த பாய். கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைபவர். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தை நீட்டினார். பாய் அதைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்தார்.

"பன்னெண்டு உருப்படியா? எத்தினி வீட்டுக்குச் சப்பாத்திக் கட்டை சாப் இது?"

"காருக்கு பாய்."

"கார் எப்பலேர்ந்து சப்பாத்தி துன்னுது?"

சித்தப்பா விவரம் சொன்னார். சொல்லும்போது காலைப் பற்றிச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போனார். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தக் கால்ல இரும்பு போட்டுகினு வருமே, ரிக்‌ஷால, அந்தப் பொண்ணா?" என்றார். சித்தப்பா ஆமாம் என்றார். பாய் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த புது மரத்தை ஒதுக்கிவிட்டு, பட்டறையின் பின்னால் போய், இடித்த வீடு ஒன்றின் தேக்கு உத்தரத்தை இழுத்துவந்தார்.

"புதுசு மழைக்கு ஊதும் சாப். பழசு பேச்சு மாறாது."

ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் துளையிட்டு, ஆளிவிதை எண்ணெயில் பத்து நாள் ஊறவைத்துக் கொடுத்தார். குளக்கரையில் டயர்ச் செருப்பு தைப்பவர் ஒருவர் பழைய லாரி டயரிலிருந்து இருபத்துநான்கு வட்டங்களை வெட்டித் தந்தார். கட்டைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நீளமான போல்ட்டுகளை மெக்கானிக் அண்ணன் எங்கிருந்தோ தேடிப்பிடித்தார்.

மிச்சமிருந்தது பெட்டியைத் தூக்குவது. சங்கிலித் தூக்கி எங்கள் தெருவுக்குள் வராது. மார்க்கெட்டிலிருந்து பத்துப் பேரைக் கொண்டுவருகிறேன் என்றார் மெக்கானிக் அண்ணன். சித்தப்பாவுக்கு அதில் அச்சம். ஒரு மூலை முன்னும் ஒரு மூலை பின்னுமாக எழுந்தால் தகடு முறுக்கிக்கொள்ளும், பிறகு கதவு ஆயுளுக்கும் சாத்தாது என்றார். அதுவரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா அப்போது வாயைத் திறந்தார்.

"ஒரே சமயத்துல, ஒரே உயரத்துல தூக்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல இருக்காங்க."

அப்படித்தான், கோயிலில் சாமியைத் தோளில் சுமக்கும் எட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாலைதோறும் கோயிலுக்குப் போகும் அப்பாவுக்கு அவர்களின் தலைவர் பழக்கம். மெக்கானிக் அண்ணன் எஞ்சினை மூடும் முன்மூடி, கதவுகள், இருக்கைகள், கியர்க் கம்பி எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தார். பெட்டிக்கு அடியில் வடம் கொடுத்து, இரு பக்கமும் நீளமான மூங்கில்களில் கட்டினார்கள். எண்மரும் தலைப்பாகையைத் தோளுக்கு இறக்கி மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு நால்வராக நின்றார்கள். கார் வீட்டைப் பார்த்து நின்றது. அவர்கள், சாமி தூக்கும் வழக்கப்படி, தெரு வாசலைப் பார்த்து நின்றார்கள். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

தலைவர் ஒரு குரல் கொடுத்தார். பெட்டி எழுந்தது. நான் அதன்பின் எத்தனையோ இயந்திரங்கள் எத்தனையோ பாரங்களைத் தூக்கப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு எழுச்சியைப் பார்க்கவில்லை. உள்ளே விளிம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. சித்தப்பா கட்டைகளோடு குனிந்தார்.

அவர் குனிந்த இடத்துக்குமேல் பெட்டி இல்லை. அது வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"யோவ், எங்கய்யா போறீங்க, நில்லுங்கய்யா" என்று மெக்கானிக் அண்ணன் கத்தினார். எங்கோ எதுவோ பட்டென்று அறுந்தது. எட்டுப் பேரும் நின்றார்கள். இரண்டு அடிதான் போயிருந்தார்கள்.

தலைவர் முகம் வெளிறிவிட்டது. "தோள்ல ஏறிச்சின்னா காலு தானா போவுது சாமி" என்றார் அப்பாவிடம். "நின்ன எடத்துல நின்னு நாங்க எப்பவும் தூக்கினதில்ல. நாங்க இன்னா பண்றது?"

முன்னறை ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அக்கா. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கையில் வைத்து, அடக்க முடியாமல் சிரித்தாள். முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு தலைவர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். தோளில் பாரத்தோடு எட்டுப் பேர் சிரிக்கும்போதும் அந்தப் பெட்டி ஆடவில்லை. மெல்லப் பின்னால் அடி வைத்துக் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவும் மெக்கானிக் அண்ணனும் கட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினார்கள். அறுந்தது வேகமானியின் கம்பி. அதை யாரும் மாற்றவில்லை. அதன்பின் அப்பா அந்தக் காரை ஆயுள் முழுவதும் பூஜ்ய வேகத்தில் ஓட்டினார்.

போல்ட்டுகளை முறுக்கி முடித்தபோது அக்கா கோலை ஊன்றி வெளியே வந்தாள். காரைக் குனிந்து பார்த்தாள். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கட்டைகள் தெரிந்தன, அவற்றின் அடியில் புது இரும்புப் போல்ட்டுகளின் முனைகள் பளபளத்தன.

"இதுக்கும் காலிப்பர் மாட்டியாச்சா?" என்றாள்.

அப்பா ஆகாயத்தைப் பார்த்தார். அம்மா மோர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள். சித்தப்பா அடிக்கோலை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

மெக்கானிக் அண்ணன் மட்டும், "ஆமா பாப்பா" என்றார். "ஒனக்கு ஒண்ணு. இதுக்குப் பன்னெண்டு. இதுக்கு ஒன்னவிட மோசம்."

அக்கா மறுபடி சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் உரக்கச் சொல்லப்பட்டதும், அதற்கு ஒருவர் பதில் சொன்னதும் அன்றுதான்.

காரைச் சரிசெய்ய மேலும் ஒரு வாரம் ஆயிற்று. முன்மூடி பெட்டியோடு சேரவில்லை. அதன் கீலுக்கும் கட்டை வைத்தார்கள். கியர்க் கம்பி மட்டும் கீழே சட்டத்தோடே தங்கிவிட்டதால், பெட்டிக்குள் மூன்று அங்குலம் குட்டையாகத் தெரிந்தது. கியர் மாற்ற அப்பா ஒவ்வொரு முறையும் இடப்புறம் குனிய வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, "என்ன சார், வழியெல்லாம் எதையோ தேடிண்டே போறேள்" என்று கேட்டாராம்.

கல்லூரி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது அக்காவை உட்கார வைத்தார்கள். விழாமல் உட்கார்ந்தாள். கூரை இடிக்கவில்லை. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பிறகு அவள் திரும்பி, காலை வெளியே எடுத்து வைத்து, எழ முயன்றாள். பாதி எழுந்தாள், திரும்ப விழுந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் முயலவில்லை.

"பதினேழு" என்றார் சித்தப்பா. அடிக்கோலை வைத்து மறுபடி அளந்தார். "பதினேழு சரியா இருக்கே. உன் நாற்காலியும் பதினேழுதானே."

"நாற்காலியை அளந்தீங்களா?" என்றாள் அக்கா.

அவளைக் கேட்காமல் ஐந்து வாரமாக நடந்தது அனைத்தும் அந்தக் கேள்விக்குள் வந்து நின்றது. அவள் முகம் இறுகியதை நான் பார்த்தேன். இனிமேல் கல்லூரி இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பின் நடுவிலும், ஒன்பது வயதுக்கு உரிய நீதியுணர்வோடு, என் சொந்த வழக்கைச் சொல்ல இதுவே நேரம் என்றும் பட்டது.

"அந்த நாற்காலிலேர்ந்து எழுந்திருக்கும்போது அவ மேஜையை அழுத்துறா" என்றேன். "தினமும் என் இங்க் புட்டி கொட்டுது. திட்டு மட்டும் எனக்கு."

மெக்கானிக் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னா சொன்ன நைனா?"

மறுபடி சொன்னேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியை அளந்தவர் மேஜையை அளக்கவில்லை. அக்காவை எழுப்பியது உயரம் மட்டுமல்ல. அவள் உள்ளங்கை ஊன்றிய பலகையும்தான்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா நீ?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"சொன்னேன். அம்மா நம்பல."

சனிக்கிழமைக்குள் அவர் பழைய பஸ் ஒன்றின் கைப்பிடிக் குழாயை வளைத்து, கதவுத் தூணை ஒட்டி, அக்கா வெளியே திரும்பி உட்கார்ந்தால் வலது கைக்கு எட்டும்படி பொருத்தினார். தகட்டில் திருகினால் பிய்ந்துவிடும் என்று, தரையைத் துளைத்துச் சட்டத்தோடு இறுக்கினார். உயரத்தை இம்முறை அக்காவையே கேட்டார். "இன்னும் கொஞ்சம் கீழ அண்ணா" என்று அவள் சொன்னாள், அவர் இறக்கினார். அவ்வளவுதான். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் அக்கா, "கட்டை இல்லேன்னா கம்பி மட்டும் வேலை செய்யாது சித்தப்பா" என்றாள். அவர் மறுத்துத் தலையசைத்தார். ஆனால் அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு மாலை அக்கா எங்கள் எல்லாரையும் வீட்டுக்குள் போகச் சொல்லி, வெளிக்கதவைச் சாத்தச் சொன்னாள். காரோடு அவள் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தாள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பூட்டு விழும் ஓசைக்காகக் காத்திருந்தோம். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்தவள் "போதும்" என்றாள். முடிந்தது என்ற போதுமா, முடியாது என்ற போதுமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை, வெள்ளைத் தாவணியை அவளே மடித்துக் குத்திக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் தயாராக நின்றாள்.

தேக்கைத் தேடி எடுத்த பாயையும், தோளில் பாரத்தோடு சிரித்தவர்களையும், மெக்கானிக் அண்ணனையும் நான் இன்று நினைத்துக்கொள்கிறேன். இவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும் வயது வந்தபோது அவர்கள் இல்லை. அக்கா பிறகு முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தாள். அவளிடமும் சொல்லாமல் விட்டவை இருக்கின்றன.

முதல் நாள். என் பள்ளிக்கு அன்று விடுமுறை. பின்னிருக்கையில் நானும் ஏறிக்கொண்டேன். அம்மா வரவில்லை, அக்கா வர வேண்டாம் என்றுவிட்டாள். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். கல்லூரி வாசலில் கார்களும் ரிக்‌ஷாக்களும் நின்றன. மற்றப் பெண்களின் அப்பாக்கள் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து, பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா அவர்கள் எல்லாரையும்விட முந்திக்கொள்பவர். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரின் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யாராவது ஆரஞ்சை எடுத்தால் அவர்கள் கேட்குமுன் உரித்துக் கொடுத்துவிடுவார். அவர் இறங்கிப் போய்க் கதவைத் திறப்பதற்காக நான் காத்திருந்தேன்.

அப்பா எஞ்சினை அணைத்தார். இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தார். நேரே முன்னால் பார்த்தார்.

அக்கா தானே கதவைத் திறந்தாள். திரும்பினாள். இடது காலை இரு கைகளாலும் தூக்கி வெளியே வைத்தாள். கம்பியைப் பிடித்து அழுத்தினாள், எழுந்தாள், எழுந்த வேகத்திலேயே திரும்ப இருக்கையில் விழுந்தாள். அருகே போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"அப்பா, அக்கா விழறா" என்றேன்.

"உட்கார்."

இரண்டே கதவுள்ள வண்டி. முன்னிருக்கை மடங்காமல் என்னால் வெளியே போகவும் முடியாது. காவலாளி எங்களை நோக்கி ஓடிவந்தார். "இன்னா சார், பாப்பாவுக்குக் கை குடுக்கட்டா?"

அப்பா தலையைத் திருப்பவில்லை. "வேணாம்பா. அவ இறங்குவா."

அக்கா சற்றுநேரம் அசையாமல் இருந்தாள். கம்பியில் கையை ஓர் அங்குலம் தள்ளி வைத்தாள். மறுபடி அழுத்தினாள். இம்முறை அவள் தோள் கதவின் உயரத்தைக் கடந்தது, பூட்டு விழுந்தது. கோலை எடுத்தாள், பையை மாட்டினாள், "போய்ட்டு வரேன்" என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். நின்றிருந்த பெண்களில் ஒருத்தி எதையோ கேட்க, அவளோடு பேசிக்கொண்டே படியருகே போய்விட்டாள். அப்பா இன்னமும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு மதில் மட்டுமே இருந்தது.

வெகுநேரம் கழித்து எஞ்சினைக் கிளப்பி, கியர் மாற்றக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"கியர் விழலையாப்பா?"

"விழும்" என்றார், குனிந்தபடியே.

நான் மிகவும் கோபமாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். எல்லா அப்பாக்களும் இறங்கினார்கள், நம் அப்பா இறங்கவில்லை என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "இறங்கவே இல்லையா?"

"இல்ல."

"கதவைக்கூடத் திறந்துவிடலையா?"

"இல்லவே இல்ல."

"அவ விழுந்தப்பவும் உட்கார்ந்தே இருந்தாரா?"

"ஆமா. திரும்பிக்கூடப் பாக்கல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது என்று எனக்கு நிறைவாக இருந்தது. அப்பா கை கால் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்ததும் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று கதவோரம் நின்றுகொண்டேன். அம்மா காபியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு, பகல் நேரத்தில் ஒருபோதும் உட்காராதவள், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் குடித்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டிப்பு எப்போது தொடங்கும் என்று நான் வெகுநேரம் காத்திருந்தேன். தொடங்குவதாகத் தெரியவில்லை. பொறுமை இழந்து விளையாடப் போய்விட்டேன்.